எரர் வந்தால் சமாளிக்கலாம், வராமல் இருந்தால்?

கும்பகோணம், மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் இருக்கிற அரிசி ஆலைகளுக்கும் நெல் வியாபாரிகளுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. லாரி எடை மேடையில் ஏறியதும் எடையை எடுத்து, எடைச்சீட்டு அடித்து, ஈரப்பதத்துக்குக் கழித்து, யாருக்கு எவ்வளவு பணம் என்று கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் சர்வருக்கு அனுப்பும் வேலை. வருஷத்தில் பாதி நாள் இது சாவகாசமாக ஓடும். தை, மாசியில் சம்பா அறுவடை மொத்தமாக வந்து விழும்போதுதான் மென்பொருளின் லட்சணம் தெரியும். ஆலை வாசலில் ராத்திரி வரை வண்டி நிற்கும். அந்த நேரத்தில் சீட்டு வரவில்லை என்றால் டிரைவர், வியாபாரி, சுமை தூக்குகிறவர்கள் எல்லாரும் கணக்குப்பிள்ளை மேசையைச் சுற்றி நிற்பார்கள். கணக்குப்பிள்ளை எங்களைக் கூப்பிடுவார்.

மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று கண்காணிப்பதற்கு மானிட்டரிங் என்று பெயர். அப்படித் தேடினால் முதலில் கருவிகளின் பட்டியல்தான் வருகிறது. அதற்கும் முந்திய கேள்வி ஒன்று எங்களுக்கு இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு எச்சரிக்கை வந்தால் எழுந்து பார்க்கப்போவது யார்? பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் நண்பர்களிடம் கேட்டால், முறை போட்டு ஆள் இருப்பார்கள் என்பார்கள். இங்கே மூன்று பேர்தான். மூன்று பேருக்கும் மறுநாள் வேலை இருக்கிறது. ஆகவே எதைப் பற்றி எங்களை எழுப்பலாம், எதைப் பற்றி எழுப்பக் கூடாது என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையில் பாதி. மீதிப் பாதிதான் பிழைகளைச் சேகரிக்கும் சென்ட்ரி, நிரல் எழுதும் நடப்புக் குறிப்பான லாக்கைச் சேர்த்துவைக்கும் லோக்கி, வரைபடம் காட்டும் கிராஃபானா எல்லாம்.

அதற்கு முன்னால் எங்களிடம் இருந்த ஒரே மானிட்டரிங் கைபேசிதான்.

“தம்பி, சிஸ்டம் நிக்குது.”

“திரையில என்னண்ணே எழுதியிருக்கு?”

“என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சுப்பா, ஓகே குடுத்துட்டேன்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தாலும் நிக்குது, நெட் போனாலும் நிக்குது, சர்வர் விழுந்தாலும் நிக்குது. எங்களுக்குக் கிடைக்கிற தகவல் அந்த ஒற்றைச் சொல்தான்.

அதனால் பிழைகளைத் தானாகச் சேகரிக்கும் கருவியிலிருந்து தொடங்கினோம். சென்ட்ரி 2008இல் ஜாங்கோ என்ற பைதான் வலைக் கட்டமைப்புக்கான ஒரு சின்ன துணைநிரலாகத் தொடங்கியது. இன்று அநேகமாக எல்லா மொழிக்கும் அதன் எஸ்டிகே, அதாவது நம் நிரலில் சேர்க்கும் துணைத்தொகுப்பு, இருக்கிறது. நாலைந்து வரி சேர்த்தால் போதும், எந்த ஃபங்ஷனில், எந்த வரியில், அப்போது மாறிகளில் என்ன மதிப்பு இருந்தது என்பது வரை வந்துவிடும். சொந்த சர்வரில் நிறுவுவதாக இருந்தால் 4 சிபியு, 16 ஜிபி ரேம் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். எங்கள் மொத்த மென்பொருளும் ஓடுகிற சர்வர் அதைவிடச் சின்னது. அதனால் அதே வேலையைச் செய்யும் கிளிட்ச்டிப் எடுத்தோம். அதே சென்ட்ரி எஸ்டிகேதான், அனுப்புகிற முகவரியை மட்டும் மாற்ற வேண்டும். சின்ன சர்வரிலேயே ஓடும். பெரிய குழு, கையில் காசு என்றால் சென்ட்ரியின் மாதச் சந்தாவே நிம்மதி என்பேன். சொந்தமாக வைத்தால் அதையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

இதில் இரண்டு விஷயம் முதல் நாளே செய்துவிடுவது நல்லது. ஒன்று, வெளியீட்டு எண்ணைச் சேர்த்து அனுப்புவது. ஒவ்வொரு ஆலையிலும் ஒவ்வொரு பதிப்பு ஓடும் ஊர் இது. நேற்று சரி செய்த பிழை இன்றும் வருகிறது என்றால் அது பழைய பதிப்பா, திருத்தமே சரியில்லையா என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இன்னொன்று, பிழைச் செய்தியை எழுதும் விதம். வண்டி எண்ணை வாக்கியத்துக்குள்ளேயே ஒட்டி “இந்த வண்டிக்கு எடை வரவில்லை” என்று எழுதினால், நூறு வண்டிக்கு நூறு தனிப் பிழையாகத் திரையை அடைத்துக்கொள்ளும். வாக்கியத்தை மாறாமல் வைத்து வண்டி எண்ணைத் தனி மதிப்பாக லாகருக்குக் கொடுத்தால், ஒரே பிழை நூறு தடவை என்று சேர்த்துக் காட்டும். பைதானில் இது ஒரு காற்புள்ளி வித்தியாசம்தான். பார்க்கிறவனுக்கோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கணக்குப்பிள்ளை படிக்கிற திரையையும் மாற்றினோம். இந்தக் கருவிகள் ஒவ்வொரு பிழைக்கும் தரும் அடையாளம் 32 எழுத்து நீளம். அதைப் போனில் படித்துச் சொல்லச் சொன்னால் அண்ணன் போனை வைத்துவிடுவார். அதனால் திரையில் பெரிய எழுத்தில், தமிழில், “சர்வருக்குப் போகவில்லை. சீட்டு அடிக்கலாம், பிறகு தானாகப் போய்விடும். எண் 4172” என்று காட்டுகிறோம். அந்த நாலு இலக்கத்தை வைத்து உள்ளே முழு விவரத்தையும் எடுத்துவிடலாம். இப்போது போன் வந்தால் முதல் வார்த்தையே எண்தான். பாதிப் பேர் போன்கூடப் பண்ணுவதில்லை, திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள்.

இதெல்லாம் வாய் திறந்து கத்துகிற பிழைகளுக்கு. எங்களை உண்மையில் ஆட்டிவைத்தது கத்தாத ஒன்று.

ஒரே எடை, மூன்று வண்டி

வேறொருவர் எழுதி, நாங்கள் பராமரிப்புக்கு எடுத்த பழைய மென்பொருள் அது. எடை மேடையில் எடை காட்டும் பெட்டியான இண்டிகேட்டரிலிருந்து சீரியல் கேபிள், அது யுஎஸ்பி மாற்றி வழியாகக் கணினிக்கு. கரண்ட் ஒரு தடவை கண் சிமிட்டிப் போய் வந்தது. யுபிஎஸ் கணினியைத் தாங்கிவிட்டது. ஆனால் யுஎஸ்பி மாற்றி ஒரு கணம் அறுந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. விண்டோஸ் அதற்கு வேறு போர்ட் எண் கொடுத்துவிட்டது. மென்பொருள் பழைய போர்ட்டையே படிக்கப் பார்க்கிறது, பிழை எழுகிறது, அந்தப் பிழையை ஒரு வரி அப்படியே விழுங்கிவிடுகிறது. திரையில் கடைசியாகப் படித்த எடை அப்படியே நிற்கிறது. எரர் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை, சீட்டு அழகாக அடிக்கிறது.

கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை, கணக்குப்பிள்ளைதான். “அடுத்தடுத்து மூணு வண்டி, மூணும் கிலோ மாறாம ஒரே எடை, அது எப்படித் தம்பி?” இந்த மேடைகள் பத்து கிலோ படியில் காட்டுகின்றன, அதனால் இரண்டு வண்டி தற்செயலாக ஒத்துப்போகலாம். மூன்று ஒத்துப்போகாது. வண்டிகளைத் திருப்பி ஏற்றி எடை போட்டார்கள்.

அன்று நடந்ததை எந்தப் பிழைச் சேகரிப்புக் கருவியும் பிடித்திருக்காது. நிரலைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லையே. அதற்குப் பிறகு செய்த மாற்றங்களைச் சொல்கிறேன், எடை மேடை இல்லாத இடத்திலும் பொருந்தும் என்பதால்.

மேடையிலிருந்து வரும் ஒவ்வொரு எடையோடும் அது வந்த நேரத்தையும் சேர்த்து வைக்கிறோம். இரண்டு நொடிக்கு மேல் பழசான எடை என்றால் சீட்டு அடிக்காது, பிழை எழும், லாகில் பதியும். அப்புறம், வணிகக் கணக்கு சொல்லும் சந்தேகங்களையும் எழுதினோம்: அடுத்தடுத்து மூன்று வண்டிக்கு ஒரே எடை, நெல் ஏற்றிய வண்டியின் எடை வெறும் வண்டி எடையை விடக் குறைவு, ஈரப்பதம் நாற்பது சதவீதம். அரசுக் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். தனியாரிடம் அதைத் தாண்டியும் வரும், அடைமழையில் நன்றாகவே தாண்டும், ஆனால் நாற்பது என்றால் மீட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த விதிகளை எழுத எங்களுக்கு ஆலைக்காரர்கள்தான் வாத்தியார். “எதைப் பார்த்தா உங்களுக்குச் சந்தேகம் வரும்?” என்று ஒரு டீ நேரம் கேட்டால் போதும். எந்த மானிட்டரிங் கையேட்டிலும் அது கிடைக்காது.

பழைய நிரலில் பிழையை விழுங்கும் இடங்களை எல்லாம் தேடி எடுத்தோம். பைதானில் எக்செப்டுக்குக் கீழே வெறும் பாஸ், ஜாவாவில் காலியான கேட்ச்; இரண்டுமே பிழையைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது. பிழையை விழுங்குவதற்கு நியாயமான காரணமும் சில இடத்தில் உண்டு. அங்கேகூட லாகில் ஒரு வரி எழுதிவிட்டு விழுங்கட்டும்.

கரண்ட் போச்சா, நிரல் செத்துச்சா

ஒவ்வொரு ஆலைக் கணினியும் நிமிடத்துக்கு ஒரு தடவை “இருக்கிறேன்” என்று சர்வருக்குச் சொல்கிறது. கூடவே சில தகவல்: கடைசி எடைச்சீட்டு எப்போது, அனுப்பாமல் வரிசையில் நிற்கும் சீட்டு எத்தனை, டிஸ்க்கில் மிச்சம் எவ்வளவு, எந்தப் பதிப்பு. ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், வரிசையில் நிற்கும் சீட்டு எண்ணிக்கையை வைத்துக்கொள்வேன். நெட், சர்வர், டேட்டாபேஸ், எது கெட்டாலும் அந்த எண் ஏறும்.

குரல் நின்றால் எச்சரிக்கை. சொல்ல எளிது. டெல்டாவில் கரண்ட் போகும், பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்தடை அறிவிப்பார்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் சொல்லாமலும் போகும். ஒவ்வொரு தடவையும் எங்கள் போன் அலறினால் ஒரு வாரத்தில் அதை மியூட்டில் போட்டுவிடுவோம். யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி இணைப்பு இருந்தால் விண்டோஸே அதை பேட்டரியாகக் காட்டும். பேட்டரிக்கு மாறியதும் மென்பொருள் ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிடும். பாதி ஆலைகளில் இருக்கும் மலிவு யுபிஎஸ்ஸில் அந்த வசதி இல்லை. அங்கே ஊர்க்கணக்கு உதவுகிறது: ஒரே ஊரில் இரண்டு மூன்று ஆலைகள் ஒரே நிமிடத்தில் அமைதியானால் அது கரண்ட் அல்லது இணைய கேபிள், ஒன்று மட்டும் அமைதியானால் எங்களைக் கூப்பிடு. இந்த ஒரு விதியால் ராத்திரி அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, கடலோர ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தார்கள். அந்த மாதிரி நாளில் எந்த எச்சரிக்கையாலும் பிரயோஜனம் இல்லை. ஆலைக் கணினி எதையும் இழக்காமல் உள்ளேயே எழுதி வைத்திருக்க வேண்டும், ஜெனரேட்டர் ஓடும்போது சீட்டு அடிக்க வேண்டும், நெட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து அனுப்ப வேண்டும். லாக்கும் அப்படியே.

இன்னொரு ஏற்பாடு: கண்காணிக்கும் சர்வரும் கண்காணிக்கப்படும் சர்வரும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டும் சேர்ந்தே சாகும், யாரும் சொல்லமாட்டார்கள். எங்களுடையது வேறு நிறுவனத்தின் வேறு நகரத்துச் சர்வர். அதையும் வெளியிலிருந்து ஒரு இலவசச் சேவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டிப் பார்க்கிறது. ராத்திரி பேக்கப் போன்ற வேலைகளுக்கும் இதே ஏற்பாடு: முடிந்ததும் அது ஒரு முகவரியைத் தட்ட வேண்டும், குறித்த நேரத்துக்குள் தட்டவில்லை என்றால் எச்சரிக்கை. பேக்கப் தோற்றால் மெயில் அனுப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. பேக்கப் தொடங்கவே இல்லை என்றால் அந்த மெயிலை யார் அனுப்புவது?

சும்மா இருப்பது இயல்பான நாட்களும் இருக்கின்றன. இரண்டு மணி நேரமாக எடைச்சீட்டு இல்லை என்பது மாசியில் ஆபத்து, வைகாசியில் வழக்கம். அதற்கு மாதவாரியாக எல்லை வைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை; அறுவடை மழையைப் பொறுத்துத் தள்ளிப்போகும், மேட்டூர் திறக்கும் நாளும் ஜூன் 12க்கு முன்னே பின்னே போகும். கடைசியில் கணக்குப்பிள்ளை காலையில் நாள் திறந்து, முடியும்போது நாள் அடைக்கிறாரே, அதையே பிடித்துக்கொண்டோம். நாள் திறந்திருக்கும்போது மட்டும் அந்த விதி ஓடும்.

ஒரு வண்டியின் கதை

லாக் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வரியும் ஜேசன் என்ற வடிவில், தனித்தனிப் புலங்களோடு: நேரம், ஆலை, எந்த நிரல், எந்த நிலை, சீட்டு எண், செய்தி. சீட்டு எண் எல்லா இடத்திலும் கூடவே போக வேண்டும். மேடையில் பிறந்த எண் சர்வர், டேட்டாபேஸ், பணம் அனுப்பும் நிரல் வரை. அப்போதுதான் ஒரு எண்ணைப் போட்டுத் தேடினால் இப்படி வரும்:

10:42:07 மேடை, சீட்டு 1183, வண்டி ஏறியது
10:42:19 மேடை, சீட்டு 1183, எடை நிலைத்தது, 14,260
10:42:20 மேடை, சீட்டு 1183, சர்வருக்கு அனுப்பியது
10:42:21 சர்வர், சீட்டு 1183, பதிந்தது
10:42:50 மேடை, சீட்டு 1183, பதில் இல்லை, வரிசையில் வைத்தது
10:57:41 மேடை, சீட்டு 1183, மறுமுயற்சி
10:57:41 சர்வர், சீட்டு 1183, ஏற்கெனவே உள்ளது, மறுபடி பதியவில்லை

நாலாவது வரியைப் பாருங்கள். சர்வர் முதல் தடவையே பதிந்துவிட்டது. பதில் திரும்பி வரும் வழியில்தான் நெட் போயிருக்கிறது. மேடைப் பக்க லாக்கை மட்டும் பார்த்தால் “போகவில்லை”. சர்வர் லாக்கை மட்டும் பார்த்தால் “எல்லாம் சரி”. இரண்டையும் ஒரே எண்ணில் கோர்த்தால்தான் கதை புரியும். கடைசி வரியின் காவல் இல்லை என்றால் ஒரே நெல்லுக்கு இரண்டு தடவை பணம் போயிருக்கும். அந்தக் காவல் வேலை செய்கிறதா என்பதற்கும் லாக்தான் சாட்சி.

நேரம் என்ற புலம் எங்களை நிறையப் படுத்தியது. சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில், ஆலைக் கணினி நம் நேரத்தில், நடுவில் ஐந்தரை மணி நேரம். எல்லாவற்றையும் யுடிசியில் எழுதி, காட்டும்போது மாற்றினால் அது தீர்ந்தது. தீராதது சீமாஸ் பேட்டரி. ஆலைகளில் இருக்கும் பழைய கணினிகளில் மதர்போர்டு பேட்டரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் தேதி எங்கோ பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியோடு வரும் வரிகளை லோக்கி ஏற்காது; ஒரு வாரத்துக்கு மேல் பழசு என்றால் தள்ளிவிடுவது அதன் இயல்பான அமைப்பு. எச்டிடிபிஎஸ் சான்றிதழும் ஒத்துக்கொள்ளாது, இணைப்பே வராது. அதனால் சாதன நேரம், சர்வருக்கு வந்த நேரம் என்று இரண்டையும் வைக்கிறோம், வித்தியாசம் சில நிமிடத்தைத் தாண்டினால் எச்சரிக்கை. பேட்டரி ஐம்பது ரூபாய்கூட இருக்காது. புதிய ஆலைக்குப் போனால் முதல் வேலையே அதை மாற்றுவதுதான்.

லாக்கைச் சேர்த்துவைக்க லோக்கி எடுத்ததற்குக் காரணம் சிக்கனம். எலாஸ்டிக்சர்ச் வரியின் ஒவ்வொரு சொல்லையும் அட்டவணைப்படுத்தும், அதற்கேற்ற ரேம் கேட்கும். லோக்கி வரிக்கு மேல் நாம் ஒட்டும் லேபிள்களை மட்டும் அட்டவணைப்படுத்துகிறது. ஆனால் சீட்டு எண்ணையும் வண்டி எண்ணையும் லேபிளாகப் போட்டால் அந்த நன்மை போய்விடும். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு புதிய தனி லாக் வரிசை (ஸ்ட்ரீம்) உண்டாகி லோக்கி திணறும். ஆலை, நிரல், நிலை, இந்த மூன்றே லேபிள். மற்றதெல்லாம் வரிக்குள். ஆலைக் கணினியிலிருந்து வரிகளை அனுப்ப முன்பு எல்லாரும் ப்ரோம்டெயில் போட்டார்கள். இனிப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேரே அதற்குப் பதிலாக வந்த அலாய்க்குப் போய்விடலாம்.

டிஸ்க் நிரம்பிச் சாகும் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், இரண்டு குறிப்பு மட்டும். நிரல்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கரின் இயல்பான ஜேசன் லாக் கோப்புக்கு அளவு எல்லையே கிடையாது. அதிகபட்ச அளவும் கோப்பு எண்ணிக்கையும் நாமே கொடுக்க வேண்டும். இன்னொன்று, பெரிய லாக் கோப்பை அழித்த பிறகும் டிஸ்க்கின் மிச்ச இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை டிஸ்க் நிரம்பியதாகவே காட்டும், கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ குறைவாகக் காட்டும். நிரல் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். நிரலை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பும்.

லாக் நிலைகளைப் பற்றி எங்கள் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. லாக் எழுதும் பழைய பொது முறையான சிஸ்லாகில் எட்டு நிலைகள் இருக்கின்றன. எங்களுக்கு இரண்டு போதும்: யாராவது ஏதாவது செய்ய வேண்டியது எரர், மற்றதெல்லாம் தகவல். வார்னிங் என்பது எழுதுகிறவன் முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டது. யாரும் அதைப் படிப்பதில்லை. இதில் என்னோடு சண்டை போடுகிற நண்பர்கள் உண்டு.

எச்சரிக்கையை எதில் அனுப்புவது? எஸ்எம்எஸ் என்றால், நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளைப் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் நிறுவனம், அனுப்புநர் பெயர், ஒவ்வொரு செய்தியின் வார்ப்பு என்று எல்லாம் பதிய வேண்டும். ஒரு சொல் மாறினாலும் செய்தி போகாது. பிழைச் செய்தியோ தினமும் மாறுவது. டெலிகிராம் பாட் பத்து நிமிட வேலை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே குழுவில் கொட்டினால் மூன்றாம் நாள் யாரும் பார்க்கமாட்டார்கள். நாங்கள் இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் சத்தம் வராது, காலையில் காபியோடு புரட்டுவதற்கு. இன்னொன்றில் வந்தால் எழுந்தே ஆக வேண்டும். அதில் ஒரு செய்தி வந்து யாரும் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை என்றால் மறுநாளே அந்த விதி முதல் குழுவுக்குப் போய்விடும். ஒவ்வொரு செய்தியிலும் எந்த ஆலை, என்ன நின்றது, எப்போதிலிருந்து, முதலில் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் படிக்கிறவனுக்கு எழுதுவது அது.

ஆலை முதலாளிகளுக்கும் ஒரு திரை வேண்டும் என்றார்கள். முதலில் கிராஃபானாவில் வண்ண வண்ணமாகப் பன்னிரண்டு வரைபடம் போட்டுக் காட்டினோம், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் எங்களில் ஒருவர்தான் சொன்னார்: டெல்டாவில் விவசாயம் தெரிந்த எவரும் காலையில் பேப்பரைத் திறந்து மேட்டூர் நிலவரம் பார்க்கிறார்; நீர்மட்டம், இருப்பு, வரத்து, திறப்பு, நாலே எண். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டிஎம்சி என்பது மனசிலேயே இருப்பதால், அந்த நாலை வைத்து நாற்று விடலாமா கூடாதா என்று முடிவெடுத்துவிடுகிறார். அதே மாதிரி போட்டோம். இன்று வந்த வண்டி, வெளியே போன வண்டி, அனுப்பாமல் நிற்கும் சீட்டு, கடைசிச் சீட்டு அடித்து எத்தனை நிமிடம். இப்போது முதலாளி எங்களுக்கு முன்னால் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார்.

லாகில் இருக்கக் கூடாதவை

விவசாயியின் பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு, சில இடத்தில் ஆதார், எல்லாம் இந்த மென்பொருள் வழியாகப் போகிறது. பிழை வந்தால் மாறிகளின் மதிப்பை அப்படியே அனுப்பும் கருவி இவற்றையும் அனுப்பிவிடும். பெரிய இடத்துக்கே நடந்திருக்கிறது: 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களிடம் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது, உள் லாக் ஒன்றில் பாஸ்வேர்டுகள் அப்படியே எழுதப்பட்டிருந்ததால். நாங்கள் எஸ்டிகேயில் தனிநபர் தகவல் அனுப்பும் அமைப்பை அடைத்துவிட்டு, அனுப்பும் முன் ஓடும் ஃபங்ஷனில் பன்னிரண்டு இலக்க எண், கணக்கு எண் போலத் தெரியும் எதையும் கடைசி நாலு இலக்கம் தவிர்த்து மறைக்கிறோம். சோதனைக்கு ஒரு பொய்க் கணக்கு எண் வைத்து வேண்டுமென்றே பிழை எழுப்பி, கிளிட்ச்டிப் திரையிலும் லோக்கியிலும் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கிறோம்; ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால்.

சட்டமும் இரண்டு பக்கம் இழுக்கிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவு லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, கணினி நேரத்தை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு ஒத்துவைக்கச் சொல்கிறது, பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டமோ தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. வைத்திருக்கவும் வேண்டும், கசியவும் கூடாது. ஆறு மாத லாக்கைச் சுருக்கிப் பூட்டி வைப்பதற்கு ஆகும் செலவு குறைவுதான். அதில் கணக்கு எண் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

கடைசியாகக் காசு. ஏற்பாடு எல்லாம் முடிந்து, சம்பா நேரத்தில் பெரிதாக எதுவும் நிற்காத ஒரு மாசிக்குப் பிறகு ஒரு முதலாளி கேட்டார்: “ஒண்ணும் ரிப்பேரே வரலியே, எதுக்குத் தம்பி பராமரிப்புக் காசு?” நியாயமான கேள்விதான், எங்களுக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது மாத பில்லோடு ஒரு பக்கம் சேர்த்து அனுப்புகிறோம்: இந்த மாதம் எத்தனை தடவை எது நின்றது, ஆலைக்குத் தெரியுமுன் எது சரி செய்யப்பட்டது, எது கரண்டால், எது எங்களால். கண்காணிப்புச் சர்வருக்கும் ராத்திரிப் பார்வைக்கும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் தனி வரி போட்டோம். ராத்திரி எழுந்தவருக்கு மறுநாள் அரை நாள் விடுப்பும், அந்த வரியிலிருந்து ஒரு தொகையும். அந்தத் தனி வரியைச் சேர்த்த பிறகு ஒரு ஆலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை; மற்றவர்கள் பேரம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.